பொதுக் கணக்கில் கமிட் யாருடையது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஒரு சர்வர், அதில் ஒரே கணக்கு, அதற்குள் நான்கைந்து பேர் நுழைந்து, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் கமிட் செய்கிறார்கள், அதாவது தங்கள் மாற்றங்களைப் பதிகிறார்கள். சில மாதம் கழித்து லாக்கைத் திறந்தால் எல்லா வரியிலும் ஒரே பெயர். இதைச் சரிசெய்து தரச் சொல்லி அடிக்கடி என்னிடம் வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் காரணங்கள் ஏறக்குறைய அவையேதான் என்பதால் வரிசைப்படுத்தி எழுதி வைக்கிறேன். ஒருவர் கண்விழித்து முடித்த வேலை இன்னொருவர் பெயரில் நிற்பது நியாயமில்லை. ஒருவர் விட்ட பிழைக்கு இன்னொருவர் பதில் சொல்ல நேர்வது அதைவிட மோசம். அதனால் இதைச் சின்ன விஷயமாக விட்டுவிட வேண்டாம்.

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். சூழல் மாறிகள் (டெர்மினல் தன் நிரல்களுக்குக் கொடுக்கும் மதிப்புகள்; கிட்_ என்று தொடங்குபவை, டிமக்ஸ், எஸ்எஸ்ஹெச்_ஒரிஜினல்_கமாண்ட் போன்றவை) மட்டும் பெரிய எழுத்தில்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

கமிட் செய்யப்போகும் அதே டெர்மினலில், அதே ரெப்போவுக்குள் (கிட் கண்காணிக்கும் கோப்புறைக்குள்) நின்றுகொண்டு `கிட் வார் கிட்_ஆத்தர்_ஐடென்ட்` என்று தட்டுங்கள். இப்போது கமிட் செய்தால் எந்தப் பெயரும் மின்னஞ்சலும் விழுமோ அது அப்படியே திரையில் வரும். வேறொரு ஜன்னலில் தட்டிப் பார்த்துவிட்டு "எனக்குச் சரியாகத்தானே வருகிறது" என்று சொல்வதில் பயனில்லை.

பெயர் தவறாக வந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க இரண்டு கட்டளைகள் போதும்.

`கிட் கான்ஃபிக் --ஷோ-ஆரிஜின் --கெட்-ஆல் யூசர்.நேம்`: எந்தக் கோப்பில் என்ன பெயர் இருக்கிறது என்று வரிவரியாகக் காட்டும். கடைசி வரிதான் வெல்லும். யூசர்.ஈமெயிலுக்கும் தனியாக ஒருமுறை ஓட்டுங்கள். பெயர் மாறி மின்னஞ்சல் மாறாமல் கிடப்பது சகஜம்.

`என்வ் | கிரெப் கிட்_`: கிட்_ஆத்தர்_நேம், கிட்_ஆத்தர்_ஈமெயில், கிட்_கமிட்டர்_நேம், கிட்_கமிட்டர்_ஈமெயில் இவற்றில் ஏதாவது இருந்தால், கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் எதை எழுதியிருந்தாலும் கிட் கண்டுகொள்ளாது. சூழல் மாறிதான் எல்லாவற்றுக்கும் மேல். அதற்கு அடுத்தது ரெப்போவின் சொந்தக் கான்ஃபிக், அப்புறம் கணக்கின் குளோபல் கான்ஃபிக், கடைசியில் சர்வர் முழுவதுக்குமான சிஸ்டம் கான்ஃபிக்.

## அறிகுறி 1: யார் கமிட் செய்தாலும் ஒரே பெயர்

மிக அதிகமாக வருவது இது. காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: யாரோ ஒருவர் கணக்கின் குளோபல் கான்ஃபிக்கில் தன் பெயரை எழுதியிருப்பார். அவர் மேல் தப்பில்லை. பெயர் இல்லாமல் கமிட் செய்யப் போனால் கிட் காட்டும் பிழைச்செய்தியே `கிட் கான்ஃபிக் --குளோபல்` என்று தட்டச் சொல்கிறது. தனி ஆளின் கணினிக்கு அது சரியான மருந்து. பொதுக் கணக்கில் அதே மருந்துதான் நோய்.

முதலில் குளோபல் பெயரை எடுத்துவிடுங்கள். `கிட் கான்ஃபிக் --குளோபல் --அன்செட்-ஆல் யூசர்.நேம்`, அதேபோல் யூசர்.ஈமெயிலுக்கும். கூடவே சிஸ்டம் கான்ஃபிக்கில் யூசர்.யூஸ்கான்ஃபிக்ஒன்லி என்பதை ட்ரூ ஆக்குங்கள். இது 2016இல் வந்த கிட் 2.8 முதல் இருக்கிறது. இதைப் போட்டால், பெயர் தெரியாதபோது கிட் தானாக ஒன்றை ஊகிக்காமல் கமிட்டையே நிறுத்திவிடும். தவறான பெயரில் விழுவதைவிட விழாமல் நிற்பது எவ்வளவோ மேல். சிஸ்டம் கான்ஃபிக்கை மாற்ற ரூட் (சர்வர் நிர்வாகி) அனுமதி வேண்டும்.

இன்றைக்கே ஒரு கமிட் செய்தாக வேண்டுமென்றால் `கிட் கமிட் --ஆத்தர்` என்று கொடுத்து, மேற்கோள் குறிக்குள் பெயரும் கோண அடைப்புக்குள் மின்னஞ்சலும் எழுதலாம். ஆனால் இது ஆத்தரை (எழுதியவரை) மட்டுமே மாற்றும். கமிட்டர் (பதிந்தவர்) என்று தனியாக ஒரு பெயர் உண்டு, அது மாறாது. மேலே சொன்னபடி குளோபல் பெயரை எடுத்தபின், கமிட்டர் யாரென்று தெரியாததால் இந்தக் கட்டளையும் நின்றுவிடும். அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலையான தீர்வுக்கு மூன்று வழிகள். ஆளுக்கொரு குளோன் (ரெப்போவின் தனி நகல்). ஒரே வேலைக் கோப்புறைக்குள் எல்லோரும் நிற்காமல், ஆளுக்கொரு துணைக் கோப்புறையில் தனித்தனியே குளோன் செய்துகொண்டு, அவரவர் ரெப்போவுக்குள் `--குளோபல்` இல்லாமல் பெயரை எழுதலாம். ரெப்போக்கள் நிறைய என்றால், குளோபல் கான்ஃபிக்கில் இன்க்ளூட்இஃப் பகுதி எழுதி, "இந்தக் கோப்புறைக்குக் கீழே இருந்தால் இந்தப் பெயர்க் கோப்பைப் படி" என்று சொல்லிவிடலாம். கிட் 2.13 முதல் இந்த வசதி உண்டு. கோப்புறைப் பாதையின் முடிவில் சாய்கோடு வைக்க மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரெப்போக்கள் சேராது. இதற்கு ரூட் அனுமதி வேண்டாம். பலவீனம் ஒன்றுதான்: அடுத்தவர் கோப்புறைக்குள் போய்க் கமிட் செய்தால் அவர் பெயரில்தான் விழும்.

சாவிக்குப் பெயரைக் கட்டுவது. நான் பெரும்பாலும் நிறுத்துகிற இடம் இது. ஒவ்வொருவரும் தன் சொந்த எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) சாவியால் நுழைய வேண்டும். கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டு நுழைகிறார்கள் என்றால் முதல் வேலையாக அதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இனி வரும் எதுவும் பலிக்காது. பிறகு, அனுமதித்த சாவிகள் இருக்கும் ஆதரைஸ்டு_கீஸ் கோப்பில் ஒவ்வொரு சாவியின் வரியிலும், சாவியின் வகை தொடங்கும் இடத்துக்கு முன்னால் இப்படி ஒன்றைச் சேர்க்க வேண்டும்:

`என்விரான்மென்ட்="கிட்_கான்ஃபிக்_குளோபல்=/ஹோம்/டெப்ளாய்/ஆட்கள்/உங்கள்-பெயர்"`

அந்தப் பாதையில் இருப்பது சாதாரண கிட் கான்ஃபிக் கோப்பு; அதற்குள் அவருடைய பெயரும் மின்னஞ்சலும். கிட்_கான்ஃபிக்_குளோபல் மாறி, 2021இல் வந்த கிட் 2.32 முதல் வேலை செய்யும். இதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம்: பிழைச்செய்தியைப் பார்த்து யாராவது மறுபடி `--குளோபல்` தட்டினாலும் அது அவருடைய கோப்பில் மட்டுமே எழுதும், மற்றவர்களைத் தொடாது. பழைய கிட் என்றால் நான்கு பெயர் மாறிகளையும் தனித்தனி என்விரான்மென்ட் பகுதிகளாக, நடுவில் இடைவெளி விடாமல் காற்புள்ளியால் பிரித்து அதே வரியில் எழுதுங்கள்.

இது வேலை செய்ய, எஸ்எஸ்ஹெச் சர்வரின் அமைப்புக் கோப்பான எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்கில் பெர்மிட்யூசர்என்விரான்மென்ட் திறந்திருக்க வேண்டும்; இயல்பாக அது மூடியே இருக்கும். வெறுமனே எஸ் (ஆம்) என்று திறந்துவிடாதீர்கள். எல்டி_ப்ரீலோடு போன்ற மாறிகளும் அதே வழியாக நுழைந்து, போட்டிருக்கும் கட்டுப்பாடுகளைத் தாண்டிவிடலாம். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 7.8 முதல், எஸ் என்பதற்குப் பதிலாக எந்த மாறிக்கு மட்டும் அனுமதி என்று பெயர் சொல்லலாம். கிட்_கான்ஃபிக்_குளோபல் என்று மட்டும் (பழைய கிட் என்றால் அந்த நான்கு பெயர் மாறிகளை மட்டும்) எழுதுங்கள். மாற்றியபின் `எஸ்எஸ்ஹெச்டி -டி` என்று சோதித்துவிட்டு ரீலோடு செய்யுங்கள். திறந்திருக்கும் பழைய ஜன்னலை மூடாமல், புதிய ஜன்னலில் நுழைந்து பாருங்கள். நுழைய முடியாமல் போனால் திருத்துவதற்கு அந்தப் பழைய ஜன்னல்தான் வழி.

ரூட் அனுமதி கிடைக்காது என்றால், அதே வரியில் கமாண்ட்= என்று எழுதி ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஓட்டலாம். மாறியை எக்ஸ்போர்ட் செய்து, எஸ்எஸ்ஹெச்_ஒரிஜினல்_கமாண்ட் இருந்தால் அதை ஷெல்லிடம் கொடுத்து ஓட்டி, இல்லையென்றால் லாகின் ஷெல்லைத் திறப்பது மட்டுமே அதன் வேலை. கோப்புப் பரிமாற்றம் உடைகிறதா என்று உடனே சோதியுங்கள். பெரும்பாலும் அங்கேதான் இடிக்கும்.

ஆளுக்கொரு கணக்கு. செலவு கூடுதல், ஆனால் நோயை வேரோடு எடுப்பது இதுதான். எல்லோரையும் ஒரே குழுவில் சேர்த்து, பொது ரெப்போவில் கோர்.ஷேர்டுரெப்பாசிட்டரியை குரூப் ஆக்கி, கோப்புறைகளுக்கு `ச்மோட் ஜி+எஸ்` போட வேண்டும். மாறிய முதல் நாளில் "சந்தேகத்துக்குரிய உரிமை" என்ற பொருளில் கிட் மறுக்கும். ரெப்போவின் சொந்தக்காரர் வேறு கணக்கு என்பதால் 2022இலிருந்து வந்த பாதுகாப்பு அது. அவரவர் குளோபல் கான்ஃபிக்கில் சேஃப்.டைரக்டரியாக அந்தப் பாதையைச் சேர்த்தால் போதும். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டாம். கணக்குகள், குழுக்கள், டெப்ளாய் ஸ்கிரிப்டுகளின் அனுமதிகள் எல்லாம் ஒரே நாளில் மாறுவதால், இதைச் சர்வர் நிர்வாகியோடு சேர்ந்தே செய்யுங்கள்.

## அறிகுறி 2: பெயர் இடத்தில் கணக்கின் பெயரும் சர்வரின் பெயரும்

எங்குமே பெயர் எழுதப்படவில்லை, கிட் தானாக ஊகித்திருக்கிறது. பாஸ்வேர்டு கோப்பில் அந்தக் கணக்கின் விவரப் பகுதியிலிருந்து பெயரையும், சர்வரின் பெயரைச் சேர்த்து மின்னஞ்சலையும் அமைத்துக்கொள்ளும். யூஸ்கான்ஃபிக்ஒன்லி போட்டதும் இது நின்றுவிடும்.

கிரான் (நேரம் குறித்துத் தானாக ஓடும்) வேலையோ டெப்ளாய் ஸ்கிரிப்டோ செய்த கமிட்டிலும் இதே தோற்றம் வரும், ஏனென்றால் அங்கே யாரும் சாவி போட்டு நுழையவில்லை. அதற்கு மனிதர் பெயரைக் கடன் கொடுக்காதீர்கள். "தானியங்கி டெப்ளாய்" என்பது போல வெளிப்படையான ஒரு பெயரை அந்த ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள்.

## அறிகுறி 3: சாவிக்குப் பெயர் கட்டியாயிற்று, ஆனாலும் பழைய பெயரே

- ஒரே ஒரு ரெப்போவில் மட்டும் இப்படி என்றால், அந்த ரெப்போவின் சொந்தக் கான்ஃபிக்கில் யாரோ யூசர்.நேம் எழுதியிருக்கிறார்கள். குளோபலை அது மீறும். `--லோக்கல் --அன்செட்-ஆல்` போட்டு எடுங்கள்.
- எல்லா ரெப்போவிலும் என்றால் பாஷ்ஆர்சி, புரோஃபைல் கோப்புகளில் கிட்_ஆத்தர்_நேம் எக்ஸ்போர்ட் ஆகிறதா பாருங்கள். பழைய முயற்சிகளின் மிச்சம் அங்கே கிடக்கும்.
- மாறியே வந்து சேரவில்லை என்றால் எஸ்எஸ்ஹெச்டி ரீலோடு ஆனதா என்று பாருங்கள்.
- நுழைந்தபின் `சூடோ` (வேறு கணக்கின் அனுமதியில் கட்டளை ஓட்டுவது) வழியாகக் கமிட் செய்கிறார்கள் என்றால் சூடோ சூழலைத் துடைத்துவிடும். சூடோவர்ஸ் கோப்பில் என்வ்_கீப் பட்டியலில் அந்த மாறியைச் சேர்க்க வேண்டும். சூடோவர்ஸைத் தொடுவதானால் `விசூடோ` மூலம் மட்டும். அந்த அனுமதி உங்களிடம் இல்லையென்றால் நிர்வாகியிடம் சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி 4: ஒரு ஜன்னலில் சரி, இன்னொரு ஜன்னலில் வேறொருவர் பெயர்

இதுதான் ஆட்களை அதிகம் குழப்புவது. அதே ஆள், அதே சாவி, அதே ரெப்போ. ஒரு டெர்மினலில் தன் பெயர் வருகிறது, இன்னொன்றில் பக்கத்தில் இருப்பவர் பெயர் வருகிறது.

முதலில் `எக்கோ $டிமக்ஸ்` தட்டிப் பாருங்கள். ஏதாவது பதில் வந்தால் நீங்கள் டிமக்ஸுக்குள், அதாவது இணைப்பு அறுந்தாலும் டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் நிரலுக்குள் இருக்கிறீர்கள். டிமக்ஸ் சர்வர் ஒருமுறை எழுந்தால் எழுப்பியவரின் சூழலைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் வந்து அந்த செஷனில் இணைகிற எல்லோருக்கும் அந்தப் பெயர்தான். இணையும்போது புதுப்பிக்கும் மாறிகளின் பட்டியல் ஒன்று டிமக்ஸிடம் உண்டு. எஸ்எஸ்ஹெச் தொடர்பான சில அதில் இருக்கும், கிட் மாறிகள் இருக்காது.

எளிய வழி, ஆளுக்கொரு டிமக்ஸ் சர்வர்: `டிமக்ஸ் -எல்` (எல் மட்டும் பெரிய எழுத்தில்) என்பதோடு அவரவர் பெயர். வேண்டுமென்றே ஒரே செஷனைப் பகிர்கிறவர்கள் அப்டேட்-என்விரான்மென்ட் பட்டியலில் கிட்_கான்ஃபிக்_குளோபலைச் சேர்க்கலாம். அது புதிதாகத் திறக்கும் ஜன்னல்களுக்கே பொருந்தும், ஏற்கெனவே திறந்திருப்பவை மாறாது. மாறிய பிறகும் கடைசியாக இணைந்தவர் பெயரே விழும் என்பதையும் நினைவில் வையுங்கள். இருவர் சேர்ந்து ஒரே திரையில் எழுதினால், கமிட் செய்தியின் கடைசியில் கோ-ஆத்தர்டு-பை வரியில் மற்றவரையும் சேர்ப்பதே நேர்மையான பதிவு.

டிமக்ஸ் இல்லையென்றால் ஸ்கிரீன் என்ற இதே வகை நிரலைப் பாருங்கள், காரணம் அதேதான். அதுவும் இல்லையென்றால் எடிட்டரைச் சந்தேகியுங்கள். தொலைவிலிருந்து இணையும் எடிட்டர்கள் சர்வரில் ஒரு பின்னணி நிரலை ஓட்டிவைக்கும். முதலில் எழுப்பியவரின் சூழலோடு அது நின்றுகொண்டிருக்கலாம். அதை நிறுத்திவிட்டு மறுபடி இணையுங்கள். அப்படியும் கலந்தால், எடிட்டரில் வேலை செய்பவர்களுக்கு ஆளுக்கொரு குளோன் முறையே நம்பகமானது.

## அறிகுறி 5: ஓரிடத்தில் ஒரு பெயர், இன்னோரிடத்தில் வேறு பெயர்

`கிட் லாக் --ஃபார்மட்=ஃபுல்லர்` போட்டுப் பாருங்கள். ஆத்தர், கமிட்டர் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். ரீபேஸ், செரி-பிக், அமெண்ட் (இருக்கும் கமிட்டை மறுபடி எழுதும் கட்டளைகள்) செய்தால் ஆத்தர் அப்படியே இருக்க, செய்தவர் கமிட்டர் ஆவார். இது பிழை இல்லை, தொட வேண்டாம். ரீபேஸ் எதுவும் செய்யாமலே இரண்டும் வேறாக இருந்தால், கிட்_ஆத்தர் மாறிகளை மட்டும் எழுதிவிட்டுக் கிட்_கமிட்டர் மாறிகளை விட்டிருக்கலாம், அல்லது `--ஆத்தர்` கொடுத்திருக்கலாம்.

## அறிகுறி 6: பெயர் சரி, ஆனால் கிட்ஹப்பில் என் கணக்கோடு சேரவில்லை

கிட்ஹப் பெயரைப் பார்ப்பதில்லை, மின்னஞ்சலைத்தான் பார்க்கிறது. கமிட்டில் இருக்கும் மின்னஞ்சலை உங்கள் கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஒரே ஆள் இரண்டு மூன்று மின்னஞ்சல்களில் சிதறிக் கிடக்கிறார் என்றால், ரெப்போவின் மேல்மட்டத்தில் .மெயில்மேப் கோப்பு எழுதினால் உள்ளூர் லாக்கிலும் ஷார்ட்லாக்கிலும் ஒன்றாகத் தெரியும். `கிட் ஷார்ட்லாக் -எஸ்என்ஈ` சரிபார்க்க உதவும்.

## அறிகுறி 7: ஏற்கெனவே தவறான பெயரில் விழுந்துவிட்டது

இன்னும் புஷ் ஆகவில்லை (பொது ரெப்போவுக்குப் போகவில்லை). சூழலைச் சரிசெய்துவிட்டு `கிட் கமிட் --அமெண்ட் --ரீசெட்-ஆத்தர் --நோ-எடிட்`. கடைசிக் கமிட்டுக்கு மட்டும். வரிசையாகப் பலவற்றுக்கு இதை ரீபேஸின் எக்ஸெக் வழியாக ஓட்டலாம். ஆனால் நடுவில் வேறொருவர் கமிட் இருந்தால் அதுவும் உங்கள் பெயருக்கு மாறிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்யுங்கள்.

புஷ் ஆகிவிட்டது. வரலாற்றைத் திருத்தி எழுதினால் அந்த இடத்திலிருந்து எல்லாக் கமிட்டின் அடையாள எண்ணும் மாறும், எல்லோரும் மறுபடி குளோன் செய்ய வேண்டிவரும். மெயில்மேப்பும் இங்கே உதவாது. ஒரு பெயரை இன்னொரு பெயராகக் காட்டத்தான் அதற்குத் தெரியும். ஒரே பெயரில் விழுந்த மூன்று பேரை அதால் பிரிக்க முடியாது. வரலாற்றைத் தொடாமல் `கிட் நோட்ஸ் ஆட்` மூலம் "இதை எழுதியவர் இன்னார்" என்று குறிப்பு ஒட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். நோட்ஸ் தானாகப் புஷ் ஆகாது, `ரெஃப்ஸ்/நோட்ஸ்/கமிட்ஸ்` என்று பெயர் சொல்லி அனுப்ப வேண்டும்.

எழுதியவர் யாரென்றே தெரியவில்லை. இப்போது போக வேண்டியது எஸ்எஸ்ஹெச் லாக்குக்கு. டெபியன் வகை சர்வர்களில் ஆத்.லாக், ரெட்ஹேட் வகையில் செக்யூர் என்ற கோப்பு, அல்லது ஜர்னல்சிடிஎல். அதில் "அக்செப்டெட் பப்ளிக்கீ" என்று தொடங்கும் ஒவ்வொரு வரியின் முடிவிலும் நுழைந்த சாவியின் ஃபிங்கர்பிரிண்ட் (சுருக்க அடையாளம்) இருக்கும். பக்கத்தில் `எஸ்எஸ்ஹெச்-கீஜென் -எல்எஃப் ஆதரைஸ்டு_கீஸ்` ஓட்டினால் எந்த ஃபிங்கர்பிரிண்ட் எந்தச் சாவிக்கு என்று வரும். கமிட்டர் நேரத்தில் எந்த முகவரியிலிருந்து நுழைந்த செஷன்கள் திறந்திருந்தன என்று `லாஸ்ட்` சொல்லும்; பொதுக் கணக்கில் ஆளின் பெயரை அது காட்டாது. கிட் காட்டும் நேர மண்டலமும் லாக்கின் நேர மண்டலமும் ஒன்றுதானா என்பதை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். டெபியனில் ஆத்.லாக் எழுதப்படுகிறது என்றால், இயல்பு அமைப்பில் அது வாரம் ஒருமுறை சுழலும், பழையவை 4 மட்டுமே நிற்கும். முதலில் நகல் எடுத்து வையுங்கள், பிறகு ஆராயுங்கள்.

அந்த நேரத்தில் ஒருவர் மட்டும் உள்ளே இருந்தால் விடை கிடைத்துவிட்டது என்று ஓரளவு சொல்லலாம். இரண்டு பேர் இருந்திருந்தால் இந்த லாக் பிரித்துச் சொல்லாது. ரீஃப்ளாக்கும் (கிட் உள்ளூரில் வைத்திருக்கும் நகர்வுப் பதிவு) சொல்லாது, அதுவும் அதே தவறான பெயரைத்தான் எழுதி வைத்திருக்கும். அந்த நிலையில் யாரையும் கைகாட்டாதீர்கள், "தெரியவில்லை" என்றே நோட்ஸில் எழுதுங்கள்.

## அறிகுறி 8: "அது நான் செய்யவில்லை" என்று தகராறு

இங்கே மேலே சொன்ன எதுவும் சாட்சி ஆகாது. ஆத்தர் பெயரை யார் வேண்டுமானாலும் எதுவாகவும் எழுதலாம். ஒரே கணக்குக்குள் இருக்கும்போது அடுத்தவரின் கான்ஃபிக் கோப்பைத் திருத்துவதும் முடியும்.

இனிமேலாவது உறுதி வேண்டுமென்றால் கமிட்டில் கையெழுத்திட வேண்டும். கிட் 2.34 முதல் எஸ்எஸ்ஹெச் சாவியாலேயே கையெழுத்திடலாம்: ஜிபிஜி.ஃபார்மட்டை எஸ்எஸ்ஹெச் ஆக்கி, யூசர்.சைனிங்கீயில் பொதுச் சாவியைக் கொடுங்கள். ரகசியச் சாவியைப் பொதுக் கணக்கில் வைக்கவே கூடாது. ஏஜென்ட் ஃபார்வர்டிங் (சொந்தக் கணினியில் இருக்கும் சாவியைச் சர்வரிலிருந்து பயன்படுத்துவது) செய்தாலும், அதே கணக்கில் இருக்கும் மற்றவர்கள் உங்கள் ஏஜென்ட் சாக்கெட்டைத் தொட முடியும். ஆகவே உங்கள் சொந்தக் கணினியில் `எஸ்எஸ்ஹெச்-ஆட் -சி` என்று சாவியைச் சேருங்கள். ஒவ்வொரு முறை சாவி பயன்படும்போதும் உங்களிடம் கேட்கும். நீங்கள் கேட்காத நேரத்தில் அந்தக் கேள்வி திரையில் வந்தால் மறுத்துவிட்டு, உடனே நிர்வாகியைக் கூப்பிடுங்கள்.

வேலை, சம்பளம், ஒழுங்கு நடவடிக்கை என்று போகும் தகராறானால் நீங்களே துப்பறிய வேண்டாம். சர்வரில் எதையும் மாற்றாமல், லாக் சுழற்சியை நிறுத்தி வைக்கச் சொல்லி, பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள். ஆடிட்டி என்ற தணிக்கை நிரல் கட்டளைகளைப் பதியும்படி அமைக்கப்பட்டு ஓடிக்கொண்டிருந்தால், செஷன் வாரியாக எந்தக் கட்டளை எப்போது ஓடியது என்று அவர்கள் எடுத்துப் பார்க்க முடியும். சொந்தக் கணக்கில் நுழைந்து சூடோ வழியாகப் பொதுக் கணக்குக்கு மாறியவர்களின் முதல் அடையாளமும் அதில் அழியாமல் இருக்கும். நேராகப் பொதுக் கணக்கில் நுழைந்தவர்களுக்கு, செஷன் எண்ணை எஸ்எஸ்ஹெச் லாக்கின் ஃபிங்கர்பிரிண்டோடு அவர்களே பொருத்திப் பார்க்கட்டும்.